மாப்பிள்ளைக்குப் போட்ட துண்டு

"மாப்பிள்ளை வந்துட்டாரா?"

இலஞ்சியில் அந்த அக்கா வீட்டைத் தாண்டிப் போகிற யாரும் இதைக் கேட்காமல் போக மாட்டார்கள். பால்காரர் கேட்பார். பக்கத்துத் தேங்காய்க் களத்தில் மட்டை உரிக்கிறவர்கள் கையில் தேங்காயோடு எட்டிப் பார்த்துக் கேட்பார்கள். அக்காவும் சளைக்காமல், "இன்னும் இல்ல, வருதாராம்" என்று பதில் சொல்வார். இத்தனைக்கும் அக்காவுக்குப் பெண் கிடையாது. ஒரே மகன், அவனும் அப்போது கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை என்று ஊரே சொன்னது ஒரு பிளகினை.

பிளகின் என்பது கணினிக்குள் குடியேறுகிற ஓர் இசைக்கருவி. கம்பி கிடையாது, தோல் கிடையாது, ஊதத் துளை கிடையாது. திரையில் சில குமிழ்களும் கோடுகளும் தெரியும். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் கணினிக்குள்ளிருந்து சத்தம் வரும். இருக்கிற வாத்தியத்தின் சத்தத்தையும் தரும், எந்த வாத்தியத்திலும் இல்லாத சத்தத்தையும் தரும். எங்கோ வெளிநாட்டில் நாலைந்து பேர் கூடி அப்படிப் புதிதாக ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். 'விரைவில்' என்று அறிவிப்பும் கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அக்கா வருஷக்கணக்கில் சந்தோஷமாக இருந்தார்.

நான் அப்போது தென்காசியில் ஆட்டோ ஒலிபெருக்கிகளுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆடித் தள்ளுபடி, கோயில் கொடைத் திருவிழா, தண்ணீர் வராத அறிவிப்பு, எல்லாம் என் தொண்டைதான். கொடை மேடைகளில் பாடவும் செய்வேன். பகலில் பள்ளிக்கூடத்தில் கணினி டீச்சராக இருந்த அக்கா, சாயங்காலம் வீட்டுப் பின்கட்டில் ஒலிப்பதிவு செய்து தருவார். பழைய கொப்பரை அறை அது. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்கத் தென்னைநார் மிதியடிகளை அறைந்து வைத்திருந்தார். முதல் தடவை வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எந்தப் பாட்டைப் பாடினாலும் அந்த அறைக்குள் மூக்கில் தேங்காய் எண்ணெய் மணக்கும்.

காத்திருப்பது எல்லோருக்கும் எரிச்சல். அக்காவுக்கு அது பலகாரம். தென்காசி ஸ்டேஷனில் சாயங்கால வண்டியைப் பிடிக்க வேண்டுமென்றால் மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு பிளாட்பாரத்துக்குப் போய்விடுவார். ஒருமுறை நானும் அவரோடு போய் மாட்டிக்கொண்டேன். வெயிலில் நாய்கூட வரவில்லை. "என்னக்கா, இவ்வளவு சீக்கிரமா?" என்று புலம்பினேன்.

"வண்டி வந்துட்டா பொறவு என்னலே இருக்கு? ஏறணும், போகணும், எறங்கணும். இப்பன்னா எங்க வேணாலும் போலாம்லா" என்றார். கையில் இருந்த நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தையும் பிரிக்கவில்லை. வண்டியில் ஏறியபிறகு பிரிப்பதாக இருந்தாராம். ஏறியபிறகு, தூரத்தில் மலை மறையட்டும் என்றார். மலை மறைவதற்குள் எனக்குப் பசி உயிர் போய்விட்டது. நானே வாங்கிப் பிரித்துவிட்டேன்.

அக்கா ஒலிப்பதிவு செய்த ஒவ்வொரு பாட்டிலும் ஓர் இடம் மாப்பிள்ளைக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். கணினியில் ஒரு பாட்டு என்பது அடுக்கடுக்கான வரிசைகள். பாடுகிற குரல் ஒரு வரிசை, தபேலா ஒரு வரிசை, புல்லாங்குழல் ஒரு வரிசை என்று ஒன்றன்கீழ் ஒன்றாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதலாம். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரிசைக்கு அக்கா 'துண்டு' என்று பெயர் வைத்திருப்பார். அதில் பழைய கீபோர்டின் ஏதாவது ஒரு சுமாரான சத்தம் இருக்கும். அது தற்காலிகம். மாப்பிள்ளை வந்ததும் அதை எடுத்துவிட்டு அவரை உட்கார வைப்பதாகத் திட்டம்.

துண்டு என்ற பெயருக்குப் பின்னால் ஒரு பஸ் இருக்கிறது. அக்கா கல்லூரியில் படிக்கும்போது தென்காசி பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி வண்டிக்கு ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுத்தான் இடம் பிடிக்க முடியும். ஒருநாள் கையில் துண்டு இல்லை. சாப்பாட்டுப் பையை ஜன்னல் வழியாகச் சீட்டில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். கூட்டம் ஏற விடவில்லை. வண்டி பையோடு போய்விட்டது. சாயங்காலம் அதே கண்டக்டர் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். "ஏட்டி, ஒன் சோறு திருநெல்வேலியப் பாத்துட்டு வந்துட்டு. போகும்போது பூரா அந்த சீட்டுல ஒருத்தன் உக்காரலையே. நின்னுக்கிட்டே வந்தான், பைய நகட்டல" என்றாராம்.

வழியில் ஆலங்குளத்திலாவது யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்பது என் கட்சி. அக்கா ஒப்புக்கொள்ள மாட்டார். "துண்டுக்கு உள்ள மரியாத அதுலே" என்பார்.

சரி, அந்த மாப்பிள்ளை வந்து என்னதான் செய்வார்? அதைத்தான் யாரும் முழுதாகக் கேட்டதில்லை. அக்கா விரல் மடக்கிச் சொல்லுவார். சுண்டு விரலில் ஆரம்பம். "மொத விஷயம், ஒரு சத்தம் இன்னொரு சத்தமா மாறும். நாதஸ்வரமா ஆரம்பிச்சு இழுக்கணும், இழுக்க இழுக்க அப்படியே தண்ணி ஓடுத சத்தமா ஆயிரும். எங்கன மாறுச்சுன்னே தெரியாது." இதைச் சொல்லும்போது அவர் கையும் மெல்ல நீந்தும். அடுத்து மோதிர விரல். "ஒரே நேரத்துல மூணு கட்டைய அமுக்கிருக்கேன்னு வையி. ஒரு விரல மட்டும் லேசா அசைச்சா அந்த ஸ்வரம் மட்டும் அசையும். மத்ததெல்லாம் கம்முனு நிக்கும்." பிறகு நடுவிரல். "திரையில நம்ம இஷ்டத்துக்குக் கோடு கிழிக்கலாம். குற்றால மலை மாதிரி கிழிச்சா, சத்தம் அது மேலேயே ஏறி எறங்கி வரும்."

இந்த இடத்தில் எதிரே இருப்பவருக்கு ஏதாவது வேலை வந்துவிடும். எனக்கு ஆட்டோக்காரர் போன் செய்வார். பால்காரருக்குப் பால் புளித்துவிடும். தபேலாக்காரர் நேராக எழுந்தே போய்விடுவார். அக்காவின் ஆள்காட்டி விரல் பாதி மடங்கியபடியே நிற்கும். "இரு, இனிமேதான்லே முக்கியமானது" என்று அவர் சொல்வதைப் படியிறங்கிக்கொண்டே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அக்காவும் கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த தடவை மறுபடியும் சுண்டு விரலில் ஆரம்பிப்பார்.

அக்காவின் வீட்டுக்காரர் செங்கோட்டையில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். கேரளாவுக்குப் போகிற லாரிகளின் டிரைவர்களோடு நாள் முழுக்கப் போனில் கத்திக் கத்திக் குரல் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்ட மனிதர். அவரை நான் அண்ணாச்சி என்பேன். பாட்டு என்றால் அவருக்கு அரை மைல் தூரம். குளிக்கப் போகும்போது மட்டும் தோளில் துண்டோடு, "ம்ம்ம்..." என்று ஒரே இழுப்பு இழுத்துக்கொண்டு போவார். அதில் ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. லாரி நின்ற இடத்திலேயே ஓடுவதுபோல இருக்கும்.

அந்த வருஷம் சீசனுக்கு முன்னால் குற்றாலத்தில் கடை வைத்திருக்கிற சிலர் சேர்ந்து அக்காவிடம் ஒரு பாட்டு கேட்டார்கள். முதல் சாரல் விழுந்ததும் எல்லாக் கடையிலும் போட ஒரு சாரல் பாட்டு. மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிற பழக்கடை அண்ணாச்சி ஒருவர்தான் முன்னால் நின்றார். பாடப்போவது நான். அதுவரை எல்லா மேடையிலும் அடுத்தவர் பாட்டைத்தான் பாடியிருந்தேன். எனக்கென்றே ஒரு பாட்டு என்றதும் தலைகால் புரியவில்லை. 'மேகம் எறங்கி வாசலுக்கு வந்தாச்சு' என்று ஆரம்பிக்கும். மெட்டும் சொல்லும் அக்காவுடையவை.

அந்தப் பாட்டுக்கு அடியில் கனமாக ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் அக்கா. அருவியைப் பார்ப்பதற்கு முன்னால் அது காதில் ஓர் இரைச்சலாகக் கேட்குமே, அதுபோல. பழைய கீபோர்டில் எதைத் தொட்டாலும் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி தோளில் துண்டோடு முற்றத்தைக் கடந்தார். "ம்ம்ம்..."

அக்கா ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "ஏங்க, இங்கன வாங்க. இதுக்கு முன்னால நின்னு அப்படியே இழுங்க."

"எதுக்கு?"

"துண்டு போடணும்."

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். பிறகு மைக்கின் முன்னால் ஒன்றும் புரியாமல் நின்று மூச்சு முட்டும்வரை இழுத்தார். முடிந்ததும், "குளிக்கப் போலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பாட்டை அரைகுறையாகச் சேர்த்துப் போட்டுப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பல்லவி வரைக்கும் பிரமாதம். சரணத்தில் பாட்டு மேலே ஏறிப் போகிறது, அண்ணாச்சி மட்டும் கீழேயே நிற்கிறார். நான் எங்கே போனாலும் அவர் வீட்டைக் காவல் காப்பது போல அதே இடத்தில். அக்கா சிரிக்கவில்லை. "அது இருக்கட்டும், மாப்பிள்ளை வரட்டும்" என்றார்.

ஆனால் அந்த அரைகுறைப் பாட்டை அண்ணாச்சி தன் போனில் ஏற்றிக்கொண்டார். அதற்குப்பிறகு செங்கோட்டையில் எந்த லாரியும் அதைக் கேட்காமல் மலை ஏறவில்லை. டிரைவர்கள் டீ குடிக்க உட்கார்ந்தால் போனை மேஜையில் வைத்துவிடுவார். "பாடுதது விளம்பரக்காரன். அத விடுங்க. அடியில ஒண்ணு ஓடுதுல்லா, கேக்கா?" என்பார். கொல்லம் டிரைவர் ஒருவர் காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, "கொள்ளாம் சேட்டா, நிங்ஙளா?" என்று மலையாளத்தில் மெச்சி, அது அவர்தானா என்று கேட்டார். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு, "சும்மா, வீட்டுல சொன்னா" என்றார். முகம் முழுக்க வெட்கம். அந்த வயதில் ஓர் ஆம்பிளை அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான் அங்கே சும்மா இருந்திருக்கலாம். என் வாய் வாடகைக்கு விட்டே பழகிய வாய். "அண்ணாச்சி, அது துண்டுல்லா? மாப்பிள்ளை வந்ததும் ஒங்கள எந்திரிக்கச் சொல்லிருவாங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் போனை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அப்படியா?" என்றார். பிறகு வந்த லாரிக்குச் சரக்கு எழுதப் போய்விட்டார்.

அன்றிலிருந்து மாப்பிள்ளையைப் பற்றி அதிகமாக விசாரித்தது அண்ணாச்சிதான். சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும், "வந்துட்டா?" என்பார். இல்லை என்று தெரிந்தால் சட்டையைக் கழற்றும் வேகமே வேறாக இருக்கும். வெளிநாட்டுக்காரர்களிடமிருந்து 'சிறு தாமதம், மன்னிக்கவும்' என்று கடிதம் வந்த அன்றைக்கு அண்ணாச்சி கேரள பார்டர் கடையில் பரோட்டாவும் கோழி வறுவலும் கட்டிக்கொண்டு வந்தார். அக்கா என்னிடம் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்: "நான் வருத்தப்படுவேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு பாரு." நான் கோழியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எடுக்காதே என்று அண்ணாச்சி ஒரு வார்த்தை அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவே இல்லை. ஏன் என்று ஒருநாள் நானே கேட்டேன். "அவ எத்தன வருஷமா அதுக்குக் காத்துக்கிட்டிருக்கா. வரும்போது நான் சீட்டுல உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேம்பேனாலே?" என்றார். எனக்கு அந்த மனுஷனை அன்றைக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அந்த வருஷம் சாரலும் தாமதம். தென்காசியில் ஒருவரை ஒருவர் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி, "தண்ணி விழுதா?" தண்ணீர் விழவில்லை. அருவிப் பாறை காய்ந்த முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. குற்றாலத்தில் கடைக்காரர்கள் பந்தல் போட்டு, பழத்தை அடுக்கி, எண்ணெய்ப் புட்டிகளை வரிசையாக வைத்து, ஈ ஓட்டினார்கள். அங்கே எப்போதுமே தண்ணீருக்கு முன்னால் கடை வந்துவிடும். அந்த ஊரில் அக்கா ஒருவரை மட்டும் விசித்திரம் என்று சொல்ல முடியாது.

பழக்கடை அண்ணாச்சி மட்டும் அடிக்கடி போன் செய்வார். "பாட்டு முடிஞ்சுட்டாம்மா?"

"சாரல் வந்துட்டா அண்ணாச்சி?"

"இல்ல."

"அப்ப பாட்டுக்கு என்ன அவசரம்?"

ஒருநாள் அவர் கறாராகச் சொல்லிவிட்டார். "எம்மா, தண்ணி விழுந்த அன்னைக்குச் சாயங்காலம் எங்கடையில பாட்டு கேக்கணும். இல்லன்னா நாங்க பழைய பாட்டப் போட்டுக்கிடுவோம்." எனக்குத் தூக்கம் போயிற்று. வானம் ஒரு பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் என் முதல் பாட்டு. நான் சாரல் தாமதமாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன், மாப்பிள்ளை சீக்கிரம் வரட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். அண்ணாச்சி எதை வேண்டிக்கொண்டார் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்கா மட்டும் ரயில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பது போல நிம்மதியாக இருந்தார்.

இரண்டும் ஒரே நாளில் வந்தன. விடியும்போதே செங்கோட்டைக் கணவாய்க் காற்று வீட்டுக் கதவுகளைப் படபடவென்று அடித்தது. மலை இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது. மேலிருந்து மாவு சலித்தது போலச் சாரல். களத்தில் தேங்காயை மூடுவதற்குப் படுதாவை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அக்காவின் போன் செய்தி வந்தது: "வந்துட்டாருலே. ஓடி வா."

நான் போனபோது பின்கட்டு அறையில் கணினியில் அது இறங்கிக்கொண்டிருந்தது. காற்றில் இன்டர்நெட் கேபிள் ஆடி ஆடி, கொஞ்சம் இறங்கும், நிற்கும். அக்கா முகத்தில் அவசரமே இல்லை. அது நிற்கிறபோதெல்லாம் அவர் இன்னும் கொஞ்சம் சந்தோஷமானார் என்றுதான் நினைக்கிறேன். அண்ணாச்சி ஆபீசுக்குப் போகாமல் வாசல் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நிஜமான மாப்பிள்ளை வந்தால்கூட அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார்.

மதியத்துக்கு மேல் திறந்தது. அக்கா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சுண்டு விரலில் சொன்னது நடந்தது. நாதஸ்வரம் போல எழுந்த சத்தம் எங்கே தண்ணீராக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. மோதிர விரலில் சொன்னதும் நடந்தது. அடுத்து திரையில் மலையைக் கிழித்தார். சத்தம் அதன்மேல் ஏறி, உச்சியில் ஒரு நொடி நின்று, இறங்கியது. நான் கேலி செய்வதையே மறந்துவிட்டேன்.

பிறகு அக்கா சாரல் பாட்டைத் திறந்தார். கீழே 'துண்டு' என்று இருந்த வரிசையைத் தொட்டார்.

அண்ணாச்சி எழுந்தார். "சரி, நான் கெளம்புதேன். லாரி வந்திருக்கும்."

"இருங்க. முக்கியமானது இனிமேதான்."

"நீ பாத்துட்டுச் சொல்லு, போதும்."

அவர் படியில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா எதையோ அழுத்தினார். அடியில் ஓடிய "ம்ம்ம்" அறுந்து நின்றது. என் குரல் மட்டும் அந்தரத்தில் பாடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி குனிந்தபடியே ஒரு கணம் அசையாமல் நின்றதை நான் பார்த்தேன். "அக்கா, அது இருந்துட்டுப் போகட்டுமே" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அக்கா அந்த இழுப்பைத் துண்டு வரிசையிலிருந்து அப்படியே எடுத்து மாப்பிள்ளைக்குள் போட்டார். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினார்.

"ம்ம்ம்..."

அண்ணாச்சியேதான். அக்கா மேலே இன்னொரு கட்டையை அழுத்தினார். அண்ணாச்சி மேலே போனார். பிறகு மூன்று, நான்கு, பத்து விரலும் ஒன்றாக. தென்னைநார்ச் சுவர் அதிர, செங்கோட்டை லாரிகள் அத்தனையும் ஒன்றாக ராகம் பிடித்தது போல அறை நிறைந்தது. சரணம் வந்தது. பாட்டு மேலே ஏறியபோது அவரும் கூடவே ஏறினார்.

வாசலில் அண்ணாச்சி நின்றார். ஒரு காலில் செருப்பு இருந்தது.

"அது யாரு?"

"நீங்கதான்."

"நான் அவ்வளவு மேல போனதில்லையே."

"இப்பப் போயிட்டீங்க."

அவர் ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்து திரையைக் குனிந்து பார்த்தார். "எத்தன பேரு அது?"

"நீங்க ஒருத்தர்தான். பத்து விரலுக்கும் பத்தா நிக்கீங்க." அக்கா எங்கள் பக்கம் திரும்பி, அத்தனை வருஷமும் பாதியில் நின்ற ஆள்காட்டி விரலை முழுதாக மடக்கினார். "இதான் நாலாவது விஷயம். எந்தச் சத்தத்தப் போட்டாலும் அத வாத்தியமா மாத்திரும். இதுக்குத்தான நான் இவ்வளவு நாளும் காத்துக் கெடந்தேன். எத்தன தடவ சொன்னேன்?"

ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நாங்கள்தான் சொல்ல விட்டதில்லை. நானும் அண்ணாச்சியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

"நீங்க குளிக்கப் போகும்போது இழுக்கீங்கல்லா," அக்கா அண்ணாச்சியிடம் சொன்னார், "கல்யாணம் ஆகி வந்த மொத நாளே கேட்டேன். இத வாசிக்கணும்னு அன்னைக்கே ஆசை. ஒங்கள மைக்கு முன்னால எத்தன நேரம் நிக்கச் சொல்ல முடியும்? அதான் இது வரட்டும்னு இருந்தேன்."

"இவன் என்னமோ துண்டுன்னு சொன்னான். எடுத்துருவியாம்" என்றார் அண்ணாச்சி, என்னைக் காட்டி.

"துண்டுதான். அதுக்கென்ன? யாரு துண்டோ அவங்கதான வந்து உக்காரணும். பஸ்ஸுல வேற யாரு உக்காருவா?"

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னொருக்கா வாசி" என்றார். செங்கோட்டையில் எந்த லாரி அன்றைக்கு யாருக்காகக் காத்திருந்தது என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் அருவியில் தண்ணீர் விழ ஆரம்பிக்கவும் பழக்கடையில் பாட்டு கேட்கவும் சரியாக இருந்தது. குளிக்கிற கூட்டத்தின் வரிசையில் நானும் அண்ணாச்சியும் நின்றோம். எல்லாக் கடை ஒலிபெருக்கியிலும் என் குரல். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு யாராவது என்னை அடையாளம் கண்டுகொள்வார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் நின்ற சென்னை ராயபுரத்துக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "பாட்டு பரவால்லபா. ஆனா அடில ஒரு சவுண்டு வருது பாரு, அதான் சூப்பரு." அண்ணாச்சி அவர் தோளைத் தொட்டார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "முன்ன போங்க சார், வரிச நகருது" என்றார். முகம் மட்டும் பழைய மாதிரி வெட்கத்தில் சிவந்திருந்தது.

அடுத்த வருஷம் எனக்கு மதுரையில் வானொலி வேலை கிடைத்துப் போய்விட்டேன். ஒருமுறை ஊருக்கு வந்தபோது இலஞ்சிக்குப் போனேன். தெருவில் பால்காரர், "ரெண்டாவது மாப்பிள்ளை வருதாராம்லா" என்று சிரித்தார். அதே பிளகினின் அடுத்த பதிப்பை வெளிநாட்டுக்காரர்கள் அறிவித்திருந்தார்கள், 'விரைவில்' என்று. அக்கா என்னைப் பார்த்ததும் டீ கொடுத்து உட்கார வைத்துச் சுண்டு விரலை மடக்கினார். இந்தத் தடவை ஐந்து விஷயங்களாம். அண்ணாச்சியும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாலைந்து நாளாகத் தினமும் கேட்கிறார் என்று பின்னால் தெரிந்தது. அவர் போன் அடித்தது, யாரோ டிரைவர். எடுத்துப் பார்த்துவிட்டு அணைத்துவிட்டார்.

நான் நடுவிரலில் எழுந்தேன். மதுரை பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. படியிறங்கும்போது "இரு, இனிமேதான்லே முக்கியமானது" என்று பின்னால் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி அசையவில்லை.

பஸ் ராஜபாளையம் தாண்டியதும் மனசு கேட்காமல் அவருக்குப் போன் செய்தேன். "அண்ணாச்சி, பெருவிரல் வரைக்கும் இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"அஞ்சாவது என்னது?"

அந்தப் பக்கம் அக்கா எதையோ வாசித்துக்கொண்டிருந்தார்.

"அத நான் சொல்லப்படாதுலே," என்றார் அண்ணாச்சி. "வந்து உக்காந்து கேளு."